குழிக் கொட்டகைக்கு இரண்டு விளக்குகள்

கடைக்குள் வண்டியை ஏற்ற வேண்டாம் என்று எலக்ட்ரீஷியன் தூரத்திலிருந்தே கையைக் காட்டினார். அத்தை பிக்கப்பைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கினாள். ரிவர்ஸ் விளக்கு போதவில்லை, பெரிதாக இரண்டு போட வேண்டும் என்றாள். இருப்பதுதான் எரிகிறதே என்றபடி அவர் பின்பக்கம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"இந்த நாத்தத்துல நான் குனிஞ்சு வேலை பார்க்கணுமாக்கா?"

"மூக்கைக் கட்டிக்கிட்டுக் குனி தம்பி. உன் கண்ணும் கையும் போதும் எனக்கு."

அப்படி எதைப் பார்க்கப்போகிறீர்கள் பின்னால், எல்லாம் குப்பைதானே என்றார் அவர்.

"என் வீட்டுக்காரர் நிக்கிறார்," என்றாள் அத்தை.

அவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு டெஸ்டரை எடுத்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சாப்பாட்டுக் கடைகளின் கழிவை அள்ளிப்போய் உரக்கிடங்கில் கொட்டுவது அவள் தொழில். ஓட்டுவது அவள், ஏற்றி இறக்குவது மாமா. கோழிக்குடல், ஊசிப்போன சோறு, கறுத்த எண்ணெய், அதற்குள் யாரோ திணித்துவிட்ட டயபர். மனுஷன் திங்கிற இடத்தில்தான் இத்தனை அசிங்கம் என்று காறித் துப்புவாள். அவர்கள் வீட்டில் தங்கித்தான் நான் கல்லூரிக்குப் போனேன். என் ஜன்னலுக்குக் கீழேதான் வண்டி நிற்கும். அந்த ஜன்னலை நான் திறந்ததே இல்லை.

கிடங்கில் குழி ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தது. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. மாமா வண்டியின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே பின்னால் நடப்பார். தட்டல் கேட்கும்வரை வரலாம், நின்றால் பிரேக். ஒருநாள் தட்டல் நின்றது. குழி இன்னும் தள்ளி இருப்பதாகத் தோன்றியும் அத்தை பிரேக்கை மிதித்தாள். மாமா கொழகொழப்பில் வழுக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தார். கண்ணாடியில் ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அன்று மாமா குளித்துவிட்டு வந்து அதைச் சிரிப்பாகச் சொன்னார். அத்தை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

எலக்ட்ரீஷியன் இரண்டு எல்இடி விளக்குகளைப் பின்கதவின் மேலேயே பொருத்திக் கொடுத்தார். தெருவில் வெளிச்சம் அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் கொட்டகை வாசலில் மாமா வழக்கம்போல் முதலில் பின்கதவை இறக்கித் தொங்கவிட்டார். குழி விளிம்பில் போய்த் திறக்க இடம் இருக்காது. விளக்குகள் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்து எரிந்தன. அங்கே வருஷக்கணக்காக ஒழுகி உறைந்திருந்த கொழுப்பு பளிச்சென்று தெரிந்தது, குழிதான் தெரியவில்லை. கதவைத் திறப்போம் என்பது மூன்று பேர் மண்டையிலும் ஏறவில்லையே என்று அத்தை வீடு வந்து சேரும்வரை திட்டினாளாம்.

பிறகு விளக்குகள் பம்பரின் இரண்டு ஓரத்துக்கும் இறங்கின. கண்ணாடியில் மாமாவின் கால்கள் தெரிகின்றன, பிய்ந்த செருப்புகூடத் தெரிகிறது என்று அத்தை சொன்னாள். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் கால்கள் மறுபடி மங்கிவிட்டன. மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று எலக்ட்ரீஷியனை வீட்டுக்கே வரவழைத்தாள். அவர் ஒயரைப் பார்த்தார், பியூஸைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் விளக்கின் மேல் நகத்தால் சுரண்டினார். பழுப்பாக ஒரு கொழுப்பு ஏடு சுருண்டு வந்தது. அவர் சுவரோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

"தினம் பார்க்கிறீங்களே அக்கா, துடைக்கணும்னு தோணலையா?"

விளக்கின் நிறமே அதுதான் என்று நினைத்திருந்ததாக மாமா சொன்னார். அத்தை தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றாள். வேலைத் துணியோடு அவள் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

"பாப்பா, எனக்கும் உங்க மாமாவுக்கும் அழுக்கு இப்போ கண்ணுலயே படறதில்ல. உனக்குத்தான் எங்க வண்டியைக் கண்டாலே குமட்டுது. காலையில நாங்க கிளம்பறதுக்கு முன்னாடி, பின்னால போய் அந்த ரெண்டு விளக்கையும் ஒரு தடவை பார்த்துச் சொல்றியா?"