இருபத்தாறாவது நம்பர்

ஓட்டோக்காரனுக்கு ஓடுவதுதான் தொழில் என்று நினைப்பீர்கள். இருபது வருடத்தில் நான் ஓடியதைவிட டொக்டரின் கேற்றடியில் நின்றதுதான் அதிகம்.

நீங்களும் எங்கேயாவது நின்றிருப்பீர்கள். ஆகவே நீட்டிச் சொல்லத் தேவையில்லை. களுவாஞ்சிக்குடியில் ஒரு டிஸ்பென்சரி. டொக்டர் கெட்டிக்காரர், கைராசிக்காரர். உங்கள் தகப்பனுக்கு என்ன வருத்தம், என்ன நோய் இருந்தது என்பதுகூட அவருக்கு நினைவிருக்கும். அரசாங்க வேலை முடித்து, பின்னேரம் நாலரைக்கு வருவார். இருபத்தைந்து பேரைப் பார்ப்பார். அதற்கு மேல் ஒரு ஆள் இல்லை. நம்பர் காலை ஆறு மணிக்குக் கொடுபடும். பதினைந்து கேற்றடியில், பத்து போனில். ஆறே காலுக்கு எல்லாம் முடிந்துவிடும். நம்பர் எழுதுகிற தவம் எனக்கு மருமகன் முறை. நல்ல பொடியன்தான். ஆனால் அவனுக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொல்: "நம்பர் முடிஞ்சு."

வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். மண்டூரிலிருந்து வருகிறவர்கள் 'பாதை'யில் ஏற வேண்டும். ஆளையும் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றி வாவியைக் கடக்கிற தட்டைப் படகுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அது காலையில் முதல் தரம் இந்தக் கரை தட்டும்போது நம்பர் முடிந்திருக்கும். அதனால் முதல் நாளே எனக்குப் போன் எடுப்பார்கள். விடியப் போய் அவர்களுக்காக நான் நிற்பேன். பின்னேரம் பாதையடிக்குப் போய் ஏற்றி வருவேன். நிற்பதும் ஏற்றுவதும் சேர்ந்ததுதான் என் பிழைப்பு.

போன மாரிக்கு முன் என் மனுசி பாக்கியத்தின் இடது காலில் மட்டி ஓடு வெட்டியது. அவளுக்குச் சீனி வருத்தம். அவளுடைய அக்காவுக்கும் இப்படி ஒரு சின்னக் காயத்தில்தான் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருகிற கதைகளுக்குச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நான் சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

செருப்புச் சாக்கு

கேற்றுத் திறக்கும்வரை அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. சாமான்கள் நிற்கும். மதிலோரமாக ஒரு கல், அதற்குப் பின்னால் ஒரு குடை, ஒரு தண்ணிப் போத்தல், ஒரு செருப்பு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் ஒரு செருப்பை ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள், அடிபிடி வரும். எனக்கு ஒரு நாளைக்கு நாலைந்து பேர். அத்தனை செருப்புக்கு நான் எங்கே போவது? கடற்கரையில் ஒதுங்குகிற ஒற்றைச் செருப்புகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டு, ஓட்டோவின் பின்னால் வைத்திருக்கிறேன். ஒரு செருப்புக்கு ஒரு பெயர். தவம் கேட்டால் பெயரைச் சொல்லுவேன்.

ஒரு நாள் மரக்கறிக் கடை ரவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். எண்ணிப் பார்த்தான். அவன் பதினாறாவது ஆள். போனதுதான். முகத்தைச் சுளித்தவன் என் செருப்புகளில் ஒன்றைக் கண்டு அப்படியே நின்றான். மண்ணிறச் செருப்பு, வார் அறுந்து கம்பியால் கட்டியது. "அண்ணே, இது என்ட செருப்பல்லோ? கோயில் திருவிழாவில துலைச்ச" என்றான். கடல் கொண்டு வந்தது என்றேன். கம்பி கட்டியது தானேதான் என்றான். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினான். பார்த்தால் அவன் சொல்வது சரி. அதற்காக இடத்தைக் கொடுக்கலாமா? அந்தச் செருப்பை நான் வைத்தது மண்டூர்ப் பெண் ஒருத்திக்காக, அவள் என்னை நம்பி இருக்கிறாள். "செருப்பு உன்ட. இடம் மண்டூர்க்காரிட. வைடா கீழ" என்றேன்.

வயிற்றைப் பிடித்தபடி செருப்பைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: "இடம் எனக்கு வேணாம் அண்ணே. மத்தக் கால் சாக்குக்குள்ள கிடக்கா எண்டு மட்டும் பாருங்க."

காய்ச்சல் போன பிறகு

மண்டூர்ப் பக்கத்து வேலாப்போடியார் என் பழைய வாடிக்கை. ஒரு வட்டை நிறைய வயல் வைத்திருக்கிற மனிதர், ஆனால் வருத்தம் வந்தால் சின்னப்பிள்ளை மாதிரி. திங்கள் இரவு காய்ச்சல் என்று போன் எடுத்தார். செவ்வாய் நின்றேன், கிடைக்கவில்லை. புதன் நின்றேன், எனக்கு முன்னால் இருந்த கல்லோடு முடிந்தது. வியாழன் ஒன்பதாம் நம்பர் கிடைத்தது.

பின்னேரம் பாதையடிக்குப் போனால், மனிதர் வெள்ளை வேட்டி கட்டி, தலை வாரி, வெற்றிலை போட்டுக்கொண்டு இறங்குகிறார். "காய்ச்சல் எப்படிப் போடியார்?" என்றேன். "அது நேத்தே போயித்து" என்றார். "பிறகு என்னத்துக்கு வாறீங்க?" என்று கத்தினேன். "மூண்டு நாளா நிண்டு எடுத்த நம்பரை வீணாக்கச் சொல்லுறியா?" என்று அவரும் கத்தினார். பாதையில் வந்த சனமெல்லாம் பார்த்தது.

ஏற்றிக்கொண்டு போனேன். டொக்டரும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ஒரு வருத்தமும் இல்லை என்றார். போடியார் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவர் டொக்டரிடம் கேட்டதை வாசலில் நின்ற நான் என் காதால் கேட்டேன்: "அப்ப டொக்டர், அடுத்த காய்ச்சலுக்கு இண்டைக்கே ஒரு நம்பர் போட்டுத் தர ஏலாதா?"

கத்தார்க் கோல்

போனில் பத்து நம்பர் என்று சொன்னேனே, அது ஒரு தனிக் கூத்து. ஆறு மணிக்குக் கேற்றடியில் நிற்கிற எல்லோரும் காதில் போனை வைத்துக்கொண்டு நிற்பார்கள். பத்து அடி தூரத்தில், உள்ளே தவத்தின் மேசையில் போன் அடிக்கிற சத்தம் கேட்கும். தவம் யாருடனோ பேசுகிற சத்தமும் கேட்கும். எங்கள் ஒருவருக்கும் கோல் விழாது.

காத்தான்குடி உம்முசல்மா ராத்தா பிரசர்க்காரி. இந்த டொக்டரின் மருந்தைத் தவிர வேறு மருந்து அவவுக்குச் சரிவராது. பஸ்ஸில் வந்து இறங்கி என் ஓட்டோவில் ஏறுவார். மற்றவர்கள் ஒரு நம்பருக்கு நாலு நாள் அலையும்போது, இவவுக்கு மட்டும் கேட்ட நாளில் நம்பர். ஒரு நாள் கேட்டேவிட்டேன். மகன் கத்தாரிலிருந்து எடுக்கிறானாம். அங்கே இன்னும் விடியாத நேரம். வேலைக்குப் போக எழும்புகிறவன், எழும்பின கையோடு இங்கே போன் அடிக்கிறான். முதல் தரத்திலேயே விழுகிறதாம். பத்து அடியிலிருந்து அடித்தால் விழாதது கடல் தாண்டி அடித்தால் விழுகிறது. இதற்கு விளக்கம் தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.

விசயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரிக்கு, மச்சிக்கு, மச்சியின் மாமிக்கு என்று எல்லோருக்கும் அவன்தான் நம்பர் எடுத்தான். ஒரு நாள் போன் நம்பர் பத்தில் ஆறு அவன் குரலில் வந்தது என்று தவம் தலையில் கை வைத்தான். ராத்தாவிடம் சொன்னேன். அவ பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "டிரைவர் வேலைக்குத்தானே அண்ணே அவன அனுப்பின. இப்ப அவன்ட முழு வேலையும் எங்கட ஊருக்கு நம்பர் எடுக்கிறதுதான்."

வீட்டுச் செருப்பு

பாக்கியத்தின் காலுக்கு வருகிறேன். அரசாங்க ஆசுபத்திரியில் தினமும் மருந்து கட்டினோம். குறை சொல்லமாட்டேன், ஒழுங்காகக் கட்டினார்கள். ஆனால் புண் ஆறவில்லை. கட்டுகிற நர்ஸ் மிஸ்ஸி சொன்னா: "ஐயா, கட்டி மட்டும் காணாது. சீனி கூடிப்போச்சி. மருந்து எழுதுறவரிட்டக் கெதியாக் காட்டுங்க." அங்கே கிளினிக் திகதிக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள் இருந்தது. எந்தக் குளிசை அவளுக்கு ஒத்துக்கொள்ளும், எது வயிற்றைப் புரட்டும் என்று பதினைந்து வருடமாகத் தெரிந்தவர் இந்த டொக்டர்தான்.

முதல் நாள் நாலு பேருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன். நாலு செருப்பை வைத்து, ஐந்தாவதாக அவளுடையதை வைத்தேன். அடுத்தவனுக்காக நிற்கிறவன் தன் வீட்டுச் செருப்பை முன்னுக்கு வைக்கக்கூடாது. என் நாலாவது செருப்போடு நம்பர் முடிந்தது. இரண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதே கதை. தவம் மெல்லக் கிட்ட வந்து, "மாமா, பின்கதவால மாமியக் கொண்டு வாங்க. கடைசிப் பேர வெட்டி விடுறன்" என்றான். கடைசிப் பெயர் யார் என்று பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண். "வெட்டினா உன்ட கைய முறிப்பன்" என்றேன். எனக்கு இன்னொருத்தரின் இடம் வேண்டாம். இருபத்தைந்துக்குப் பிறகும் ஒரு மனிதருக்கு வருத்தம் வரும் என்பதை அந்த டொக்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஒருவருக்கும் நிற்கமாட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அவளுடைய செருப்பு மட்டும். பன்னிரண்டாம் நம்பர். பின்னேரம் அவளை ஏற்றிக்கொண்டு போனால் கதவில் ஒரு கடதாசி: டொக்டர் இன்று வரமாட்டார், கொழும்பு போய்விட்டார். இன்றைய நம்பர் நாளைக்குச் செல்லாது. திருப்பிக் கொண்டு வந்தேன். பாக்கியம் வீட்டில் இறங்கி, விரல்களை ஊன்றாமல் குதியால் நடந்து போய் வாசற்படியில் இருந்துகொண்டு சொன்னாள்: "ஊருக்கெல்லாம் நம்பர் எடுத்துக் குடுக்கிறீங்க. அக்காட காலுக்கும் இப்பிடித்தான் நாளைக்கு, நாளைக்கு எண்டு சொன்னாங்க."

குறுக்கே போட்ட ஓட்டோ

நாலாம் நாள் காலையில் நான் கேற்றடிக்குப் போகவில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் போனேன். பாக்கியம் பின் சீற்றில். டொக்டரின் கார் உள்ளே போகிற கேற்றுக்குக் குறுக்கே ஓட்டோவைப் போட்டு, திறப்புச் சாவியைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டேன்.

தவம் ஓடி வந்தான். "மாமா, வண்டிய எடுங்க. டொக்டர் வாற நேரம்." "அவர் வரட்டும். நம்பர் இருபத்தாறு வந்திரிக்கி எண்டு சொல்லு" என்றேன். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஒன்றாம் நம்பர்க்காரர், மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டு, "ஒழுங்கு எண்டு ஒண்டு இரிக்கி ஐயா" என்றார். "அந்த ஒழுங்கிலதான் மூண்டு நாளா நிண்டன்" என்றேன். தள்ளிவிடுவோம் என்று இரண்டு பேர் ஓட்டோவில் கை வைத்தார்கள். அன்றைக்கு ஏழாம் நம்பரோடு வந்திருந்த மரக்கறிக் கடை ரவி, நேரே போய் என் சீற்றில் ஏறி இருந்துகொண்டான். "முதல்ல என்னத் தள்ளுங்க பாப்பம். என்ட செருப்பே இந்த மனுசனுக்காக நிண்டிரிக்கி" என்றான். யாரோ சிரித்தார்கள். கைகள் எடுபட்டன.

நாலரைக்குக் கார் வந்தது. ஹோண் அடித்தார். நான் நகரவில்லை. மறுபடியும் அடித்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவர் இனி என் ஆட்களுக்கு மருந்து தரமாட்டேன் என்றால் நான் என்ன செய்வேன்? இருந்தும் நகரவில்லை. கடைசியில் இறங்கி வந்தார், முகம் சிவந்துபோய். பாக்கியத்தின் காலில் கட்டியிருந்த சீலையை அவிழ்த்தேன். அவர் என்னைப் பார்க்க வந்தவர், காலைப் பார்த்தார். ரோட்டிலேயே குந்தி இருந்தார். விரலை அமத்தினார், முகர்ந்து பார்த்தார், உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். பிறகு நிமிர்ந்து என்னை ஏசினார்: "என்ன மனுசன் நீங்க? இந்தக் காலை வச்சிக்கொண்டு இவ்வளவு நாளும் எங்க நிண்ட நீங்க?"

"உங்கட கேற்றடியிலதான் டொக்டர்" என்றேன்.

டொக்டர் மதிலோரத்தைப் பார்த்தார். நாளைய வரிசைக்கு அப்போதே இரண்டு கல்லும் ஒரு குடையும் வந்து கிடந்தன. இவ்வளவு வருடமாக அந்த வழியால் காரில் போகிற மனிதர் அவற்றை அன்றைக்குத்தான் கண்டார் போல. எழும்பி, காற்சட்டை மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "தவம், கொப்பியில இருபத்தாறு எண்டு எழுது."

பிறகு நடந்தது

அன்றைக்கே கடிதம் தந்தார். அதே ஓட்டோவில் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டு போனேன். பன்னிரண்டு நாள் வார்ட்டில் இருந்தாள். சின்னவிரல் போனது. கால் நின்றது. இரண்டு நாள் பிந்தியிருந்தால் கதை வேறு என்று அங்கே சொன்னார்கள். வீட்டுக்கு வந்த அன்று பாக்கியம் தன் செருப்பைத் தேடினாள். அது என் சாக்குக்குள் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். முறைத்துவிட்டுப் போட்டுக்கொண்டாள்.

இப்போது தவத்தின் கொப்பியில் தினமும் இருபத்தாறு இருக்கிறது. அதைக் காலையில் கொடுப்பதில்லை. பின்னேரம், பொறுக்க முடியாத வருத்தத்தோடு யார் வந்தாலும் அவருக்கு. நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். ஒரு கிழமை போகவில்லை, மண்டூரிலிருந்து வேலாப்போடியாரின் போன். குரலில் ஒரு குறையும் இல்லை, கணீரென்று இருந்தது. "தம்பி, அந்த இருபத்தாறில நம்மட பேர இப்பவே போட்டு வை. வருத்தத்த நான் பிறகு சொல்லுறன்."

ஆக, எங்கள் டொக்டரைப் பார்க்க ஒரு வருத்தம் வேண்டும், ஒரு செருப்பு வேண்டும், இரண்டும் போதாவிட்டால் குறுக்கே போட ஒரு ஓட்டோ வேண்டும். என்னுடையது இன்னும் நல்லாகத்தான் ஓடுகிறது.