பின் தையலில் விட்ட இரண்டு அங்குலம்

அந்தக் கடைத்தெருவில் அவருக்கு "அரை இஞ்ச்" என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். தையல் கடையில் துணி வெட்டுகிறவர். ஆள் வாசற்படி ஏறும்போதே இடுப்பு இத்தனை, தோள் இத்தனை என்று மனதுக்குள் போட்டுவிடுவார். அப்புறம் டேப் வைத்துப் பார்த்தால் அரை அங்குலத்துக்கு மேல் தப்பாது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே! முப்பத்தொரு வருடம் ஒரே மேஜைக்குப் பின்னால் நின்று கால் நரம்பெல்லாம் புடைத்துப்போன மனிதருக்கு அதுகூடவா கூடாது?

அவர் வெட்டுவார், மனைவி தைப்பாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஆலைத் தொழிலாளிகளுக்கு, ஆஸ்பத்திரி ஆட்களுக்கு என்று சீருடை தைக்கிற கடை. ஒரே மகள், கல்யாணமாகி இன்னொரு ஊரில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர், கடையில் இவர்கள் இரண்டு பேர். பேசி அலுத்துப்போய், பேசாமலே முக்கால்வாசி வேலை நடக்கும்.

கடையில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வருகிறவர்களின் உடம்பைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. "என்னங்க, குண்டாயிட்டீங்களே" என்று கேட்டால் அந்த வாடிக்கைக்காரர் அதோடு சரி. உடம்பு மாறினால் துணியைத் திருத்திக் கொடு, சத்தம் காட்டாதே. இதற்காகவே பேண்ட் வெட்டும்போது பின்பக்கத்து நடுத்தையலில், தையல் பிடிக்க வேண்டியது போக, இரண்டு அங்குலம் துணியை உள்ளே மடித்து விட்டுவைப்பார். இடுப்பு பெருத்தால் பழைய தையலைப் பிரித்து, அரை அங்குலம் வெளியே தள்ளி மறுபடி அடித்துவிடலாம். பழைய தையல் இருந்த இடத்தில் ஒரு வரிசை ஊசித்துளை நிற்கும். ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்தால் வெளியே தெரியாது. உள்ளே புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

இந்தச் சட்டத்தை அவர் கடையோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுபோனார். அங்கேதான் கெட்டது கதை.

மனைவிக்கு வேலைக்கென்று மூன்று கறுப்புப் பேண்ட். ஒரே துணி, ஒரே அளவு. துவைத்து இஸ்திரி போடுவது அவர் பொறுப்பு. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில், தலைக்கு மேல் வேலை இருந்த நாளில், அவள் மிஷினை விட்டு எழுந்தபோது இடுப்புக் கொக்கி இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். ஒரு சுற்று பெருத்திருக்கிறாள் என்று தோன்றியது. சொன்னால் மனசு கஷ்டப்படுவாள். ஏற்கெனவே வயசாகிறது, முடி கொட்டுகிறது என்று புலம்புகிறவள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் மூன்று பேண்டையும் பிரித்து, அரை அங்குலம் விட்டு, அடித்து, தேய்த்து, மடித்து வைத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் கொக்கி சொன்னபடி விழுந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அரை இஞ்சுக்கு மனசுக்குள் பெருமை வேறு.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அரை அங்குலம். அப்புறம் ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. எட்டு மாதத்தில் இரண்டு அங்குலமும் தீர்ந்துபோனது. இதற்கு நடுவில் அவள் பாதிச் சாப்பாட்டிலேயே தட்டைத் தள்ளிவிட்டு "வயிறு நிறைஞ்சுபோச்சுங்க" என்று எழுந்துகொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டு மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போனாள். இடுப்பு பெருக்கிறது, சாப்பாடு குறைகிறது! கணக்கு இடிக்கிறதே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா இந்த மனிதர்? யோசிக்கவில்லை. தையலைப் பிரித்தார்.

ஒருநாள் சீருடைக் கட்டைத் தூக்கப் போனவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கிளினிக்கில் அமுக்கிப் பார்த்தார்கள், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு. இடது சினைப்பையில் கட்டி, பதினான்கு சென்டிமீட்டர். ரத்தத்தில் ஏதோ ஒரு எண் முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம், இவளுக்கு இருநூற்றுப் பத்து.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. "புற்றுநோயான்னு இப்பவே சொல்ல முடியாது. சந்தேகம் இருக்கு. திறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றாள். பிறகு வரிசையாகக் கேள்வி. "வயிறு எவ்வளவு நாளா உப்பியிருக்கு?"

"ஒரு மாசம் இருக்குங்க" என்றாள் மனைவி.

"அதுக்கு முன்னாடி? துணியெல்லாம் இறுக்கமாச்சா?"

"சேச்சே! இதோ பாருங்க, ரெண்டு வருஷமா இதே பேண்ட்தான், இதே கொக்கிதான். நாங்க தையல்காரங்க டாக்டர், அதெல்லாம் எங்களுக்குத் தெரியாமப் போகுமா?"

அரை இஞ்ச் ஸ்கேன் உறையை எடுத்து, திருப்பி, மறுபடி மேஜைமேல் வைத்தார். டாக்டரம்மா "ஒரு மாசம்" என்று எழுதிக்கொண்டாள். ஒரு மாசமாம்! அவருக்குத்தானே தெரியும், எட்டு மாசம் என்று. அந்தக் கட்டி வளர வளர அதற்கு இடம் பண்ணிக் கொடுத்தது அவர் கைதான்.

மனைவியை ரத்தம் எடுக்கக் கூட்டிப்போன சமயம் பார்த்து, நடைபாதையில் டாக்டரம்மாவின் பின்னாலேயே ஓடினார். நின்ற இடத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். நான்கு தடவை, அரை அரை அங்குலம், எந்தெந்த மாதம் என்பதுவரை. டாக்டரம்மா கேட்டுக்கொண்டாள், ஃபைலில் திருத்திக்கொண்டாள்.

"அப்பவே வந்திருந்தா, டாக்டர்?"

"சின்னதா இருந்திருக்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாதுங்க." இரண்டடி போனவள் திரும்பிப் பார்த்தாள். "அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

சொல்லியிருக்கலாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்து, கடைக் கதவில் "பத்து நாள் விடுமுறை" என்று அட்டை தொங்கவிட்டு, பாதி தைத்த சீருடைகளை வேறு கடையில் ஒப்படைத்து, மகளுக்குப் போன் போட்டு, "அம்மா நல்லாத்தான் இருக்கா, நீ கைக்குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வராதே" என்று சொல்லி, அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தது. அத்தனைக்கும் வாய் இருந்தது, இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. படுக்கப் போகும்போது நாளைக்கு என்பார். விடிந்தால், இப்போது சொல்லி அவளை ஏன் கலங்கடிப்பது என்பார். தனக்குத்தானே சாக்கு வெட்டிக் கொடுப்பதிலும் அவர் கெட்டிக்காரர்தான்.

ஆபரேஷன் அன்று காலையில் அவளுக்கு நீல அங்கியை மாட்டிவிட்டார்கள். இந்த நிலைமையிலும் அவள் தையலைப் பார்த்தாள். "முதுகுல நாடா வெச்சவனை நிக்கவெச்சுக் கேக்கணும். போட்டுக்கறவ கை எப்படி எட்டும்? கட்டி விடுங்க." அவர் கட்டினார். தள்ளுவண்டி கிளம்பும்போது அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "பயப்படாதீங்க. ஏதாவது தப்பா இருந்திருந்தா உங்க கண்ணுக்கு முன்னமே பட்டிருக்கும். பெருசா ஒண்ணும் இருக்காது." வண்டி போய்விட்டது. இவர் கதவைப் பார்த்தபடி நின்றார். செத்துப்போய்விடலாம் போல இருந்தது அவருக்கு.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் ஆடும், எழுந்தால் முழங்கால் வலிக்கும். நாலரை மணி நேரம். போகிறவன் வருகிறவனையெல்லாம் அவர் கண் அளந்துகொண்டே இருந்தது. அந்த ஆளுக்குத் தோள் இறங்கியிருக்கிறது. இந்த நர்ஸுக்கு இடுப்பு முப்பத்திநாலு. பாழாய்ப்போன கண், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை. ஊரையே அளக்கத் தெரிந்த கண்ணுக்கு, பக்கத்தில் படுத்திருந்தவளைப் பார்க்கத் தெரியவில்லையே என்று நினைத்து நினைத்து மனிதர் சோர்ந்துபோனார். அழுகை வரும் என்று பார்த்தார், அதுவும் வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

டாக்டரம்மா முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கட்டி உடையாமல் முழுசாக வந்துவிட்டது. நடுவிலேயே ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்ததில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதனால் கருப்பையையும் மற்றொரு சினைப்பையையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். முழு ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் ஆகும். "இன்னும் ஒரு வாரமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அந்த ஒரு வாரத்தை எப்படிச் சொல்வது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவள் இருமினால் வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்தார். மூத்திரப் பை நிரம்பினால் நர்ஸைத் தேடி ஓடினார். மூன்றாம் நாள் அவளை நடக்கவைத்தார், கட்டிலிலிருந்து ஜன்னல்வரை. கஞ்சியை ஆற்றினார், ஊட்டினார், பாத்திரத்தைக் கழுவினார். பக்கத்துக் கட்டில்காரி "உங்க வீட்டுக்காரர் தங்கம்" என்றாள். மனைவி "நகைக்கடைக்காரன் கேட்டா எடை போட்டுத் தூக்கிட்டுப் போயிருவான், மெதுவாச் சொல்லுங்க" என்று சிரித்து, தையல் இழுத்து வலித்ததும் "ஐயோ சிரிக்க வெக்காதீங்களேன்" என்றாள். தங்கமாம். அவர் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனார்.

எட்டாம் நாள் காலை டாக்டரம்மா ரிப்போர்ட்டோடு வந்தாள். முழுப் புற்றுநோய் இல்லை. சாதாரணக் கட்டி என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை. மருந்து ஏற்ற வேண்டாம். ஆனால் திரும்பி வரலாம்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். "நடுவுல வயிறு உப்பினாலோ, துணி இறுக்கமானாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாம வரணும். வீட்டுல யார் கவனிப்பீங்க?"

மனைவி அவரைக் கைகாட்டினாள். "இவர் இருக்காரே! இவர் கண்ணுக்கு அரை இஞ்ச் தப்பாது டாக்டர்."

டாக்டரம்மா அரை இஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்குக் கிளம்ப அவர் கொண்டுவந்திருந்த பையில் அந்தக் கறுப்புப் பேண்ட் இருந்தது. வேறு நல்ல துணி கையில் கிடைக்கவில்லை என்று அவர் பின்னால் மகளிடம் சொன்னார். எனக்கென்னவோ நம்பிக்கையில்லை. அதை எடுத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டி, பின் தையல் மேலே இருக்கும்படி அவள் மடியில் வைத்தார்.

"என்னங்க இது?"

"பாரு."

இருபத்தெட்டு வருடம் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு விளக்கம் வேண்டுமா? கட்டை விரல் நகத்தால் தையல் ஓரத்தைத் தடவினாள். நான்கு வரிசை ஊசித்துளை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நகம் நின்று நின்று போனது. மறுபடி முதலிலிருந்து போனது.

"மொதல் தடவை எப்ப?"

"ஸ்கூல் திறந்த மாசம்."

தள்ளுவண்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் அவள் குரல் உடைந்தது. "எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சுங்க. கனமா, கல்லு வெச்ச மாதிரி. டாக்டர்கிட்ட போலாமான்னு நெனச்சேன். கொக்கி போட்டுப் பாப்பேன். சரியா விழும். சரி, நமக்குத்தான் வீண் பயம்னு விட்டுருவேன். இதைத்தாங்க நம்பிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"மனசு கஷ்டப்படுவேன்னு..."

"பட்டுட்டுப் போறேன்! நான் என்ன உங்க கடைக்கு வர்ற கஸ்டமரா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆபரேஷன் அறைக்கு வெளியே வராத அழுகை இப்போது வந்தது. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சமாதானம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையிலும் அவள் இல்லை.

கொஞ்சம் பொறுத்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பேண்டை மாட்டினாள். கட்டி போன வயிற்றில் அது நிற்கவில்லை, நழுவி இறங்கியது. அவர் பழக்கதோஷத்தில் பையில் ஊசி நூலைத் தேடினார். "இதோ, ரெண்டு தையல் பிடிச்சா..."

"தொடாதீங்க." அவள் இடுப்புத் துணியை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "இப்படியே வர்றேன். என் துணியை இனிமே நீங்க தொட வேண்டாம். என்னைப் பாருங்க. பாத்து, என்ன தெரியுதோ மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் ஓர் உடம்பைப் பார்த்து வாய் திறந்து அவர் சொன்னதே இல்லை.

"மூஞ்சி வெளுத்திருக்கு" என்றார். "கழுத்து எலும்பு தெரியுது. இடது பக்கம் சாஞ்சு நிக்கறே, அங்கதான் வலிக்குதுன்னு நெனைக்கறேன். ரொம்ப எளைச்சுட்டே." கையிலிருந்த பையை மூடினார். "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் அவள். "நடங்க."

ஒரு கையில் பேண்டையும் இன்னொரு கையில் அவர் முழங்கையையும் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். லிஃப்ட்வரை பதினைந்து அடி இருக்கும். பாதியில் அவர், "மூச்சு வாங்குது உனக்கு" என்றார்.

"ம்" என்றாள். நின்றார்கள். மூச்சு அடங்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.