தவிட்டுக்கு விற்ற பிள்ளையும் எஸ்தாக்கி உபதேசியாரும்

எஸ்தாக்கி உபதேசியாரை எனக்குப் பிடிக்காது. இருபது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தேன், அவர் வீட்டில் கஞ்சி குடித்திருக்கிறேன், அவர் சாகும்போது கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். இருந்தும் பிடிக்காது. அவரைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

பெரியபட்டினத்துக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் உள்ள ஒரு கத்தோலிக்க வேதக்காரர் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். நான் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவர் கோயிலில் உபதேசியார். சாமியார் லத்தீனில் பூசை வைப்பார். அதற்குப் பிறகு தமிழில் செபம் சொல்வதும், கல்யாண ஓலை வாசிப்பதும், ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றுக்குமான புத்தகங்களை எழுதி வைப்பதும் உபதேசியார் வேலை. அந்தப் புத்தகங்களை வைத்துத்தான் அவர் ஊரின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். நாடு சுதந்திரம் அடைந்த அன்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். அவர் வரவில்லை. பழைய சாவுப் புத்தகத்தில் கரையான் தின்ற பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டிருந்தார்.

பழசு எதுவும் மாறக்கூடாது அவருக்கு. பூசையைத் தமிழில் வைக்கலாமே என்று நான் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஒரு மாதம் அவரோடு பேச்சில்லாமல் இருந்தேன். அதே அளவுக்கு, வாய்ப்பேச்சை நம்பவும் மாட்டார். கிழவிகள் சொல்லும் கதை ஒன்றைக்கூட அவர் நோட்டில் ஏற்றியதில்லை. "புஸ்தகத்துல இருந்தா நடந்தது. இல்லாட்டி நடக்கல" என்பார். நாற்பது வருஷம் இப்படி உழைத்து அறுநூறு பக்கம் சேர்த்திருந்தார். ஊரில் எந்தப் பிள்ளைக்கும் ஏழு தலைமுறை சொல்லுவார். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

1957இல் வியாகுலம்மாள் மகள் கித்தேரிக்கும் சந்தியாகு என்ற பையனுக்கும் கல்யாணம் பேசினார்கள். வியாகுலம் விதவை, கருவாடு விற்றுப் பிழைப்பவள். கித்தேரி ஒரே மகள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பது வழக்கம். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. முதல் ஓலையை உபதேசியாரே வாசித்தார். அந்த வாரம் சரித்திரத்துக்காக 1889ஆம் வருஷத்து ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டியவர், கித்தேரியின் அம்மாச்சி மதலேனாளின் பெயரைப் பார்த்தார். ஊருக்குத் தெரிந்த மதலேனாள் அடைக்கலம் என்பவரின் மகள். புத்தகத்திலோ தகப்பன் மிக்கேல், தாய் அன்னாள் என்று இருந்தது. சந்தியாகின் அம்மாச்சி சூசானாளுக்கும் அவர்கள்தான் தாய் தகப்பன். அப்படியென்றால் இரண்டு அம்மாச்சிகளும் கூடப்பிறந்தவர்கள். அம்மாக்கள் அக்கா தங்கை முறை, கித்தேரியும் சந்தியாகும் அண்ணன் தங்கை முறை.

வியாகுலத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். நானும் இருந்தேன்.

"அய்யோ, அது தவிட்டுப் பிள்ளைங்க உபதேசியாரே" என்றாள் அவள். "எங்கம்மாவுக்கு முன்னால பிறந்தது மூணும் தக்கல. அதனால மிக்கேல் வீட்டுக்குத் தவிட்டுக்கு வித்த மாதிரி குடுத்து, அவுகளே தூக்கிட்டுப் போயி ஞானஸ்நானம் வாங்கினாகளாம். அங்கன இருந்து திரும்ப வாங்கிட்டு வந்து எங்க தாத்தாதான் வளத்தாக. எங்கம்மா சொல்லிக் கேட்டிருக்கேன்."

"ஞானஸ்நானத் தொட்டியில நின்னு எந்தக் கிறிஸ்தவனும் பொய் சொல்ல மாட்டான்" என்றார் அவர். "மிக்கேல் பிள்ளைய அடைக்கலம் எடுத்து வளத்திருக்காரு. உங்கம்மாவுக்கு வேற மாதிரி சொல்லிவிட்டிருக்காக. புஸ்தகம் பொய் சொல்லாது."

நான் குறுக்கே பேசியிருக்கலாம். எமனை ஏமாற்றப் பிள்ளையை ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கும் வழக்கம் இந்தச் சீமையில் எந்தச் சாதியில், எந்த மதத்தில் இல்லை? ஆனால் அவர் முகத்தில் இருந்த உறுதியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அதை இன்றுவரை நினைத்து வெட்கப்படுகிறேன்.

இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரிடம் உறவுத் தடைக்கு விலக்குக் கேட்கலாம் என்றார் சாமியார். கோயில் விலக்குக் கொடுத்தாலும் ஊர் கொடுக்குமா? அண்ணனுக்குத் தங்கையைக் கட்டவா என்று சந்தியாகு வீட்டார் விலகிப் போனார்கள். இரண்டே மாதத்தில் அவனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். அவனும் மறுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. கித்தேரியைத் தண்ணீர்க் குடத்தோடு பார்க்கும்போதெல்லாம் பெண்கள் ஜாடையாகச் சிரித்தார்கள். அவன் கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் கடலில் இறங்கி உயிரை விட்டாள். பத்தொன்பது வயது.

தானாகச் செத்தவர்களுக்கு மந்திரித்த கல்லறையில் இடமில்லை என்பது சபைச் சட்டம். கல்லறைச் சுவருக்கு வெளியே, கள்ளிப்புதர் ஓரம் குழி வெட்டினார்கள். சாமியாரும் வரவில்லை, மணியும் அடிக்கவில்லை. சாவுப் புத்தகத்தில் எஸ்தாக்கியின் கை ஒரே வரி எழுதியது. அன்று அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை.

நான்கு வருஷம் கழித்து, சரித்திரம் முடியும் தறுவாயில், மதுரைப் பக்கம் ஒரு மடத்தில் பழைய சாமியார்களின் கடிதங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பிரெஞ்சு தெரிந்த வயதான சாமியார் ஒருவர் அவருக்குப் படித்துத் தமிழில் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வந்துபோன சாமியார் எழுதிய 1889ஆம் வருஷத்துக் கடிதம் ஒன்றில் எங்கள் ஊர் இருந்தது. பிள்ளை தங்க வேண்டும் என்று தவிட்டுக்கு விற்கும் அஞ்ஞான வழக்கத்தில் என்னையே ஏமாற்றிவிட்டார்கள், அடைக்கலத்தின் பெண்ணை மிக்கேலின் பிள்ளை என்று சொல்லி ஞானஸ்நானம் வாங்கிவிட்டார்கள், இரண்டு ஆண்களையும் மூன்று ஞாயிறு கோயில் வாசலில் முழங்காலில் நிறுத்தினேன், அடுத்த முறை போகும்போது புத்தகத்தைத் திருத்துவேன் என்று அந்தச் சாமியார் எழுதியிருந்தார். அதற்குள் அவருக்கு மாற்றல் வந்திருக்கிறது. அடுத்த முறை என்று ஒன்று வரவேயில்லை.

திரும்பி வந்த எஸ்தாக்கி நேரே என் வீட்டுக்கு வந்தார். அந்தக் கடிதத்தின் நகலை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் கொன்னுட்டேன் வாத்தியாரே" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரித்திரத்தில் கடைசியாக ஒரு பக்கம் சேர்த்தார். மதலேனாள் யார் மகள், கல்யாணம் ஏன் நின்றது, தவறு யாருடையது, எல்லாம் பெயரோடு இருந்தது. தன் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தார். கோயில் சம்பந்தமான புத்தகம் அச்சுக்குப் போக மேற்றிராணியாரின் அனுமதி வேண்டும். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அருமையான உழைப்பு, அனுமதி உண்டு, கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடவும் என்று. ஞானஸ்நானப் புத்தகத்தில் பிழை இருந்தது என்று அச்சில் வந்தால் நாளைக்கு ஊரில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வழக்கு வரும் என்பது காரணம்.

கீழக்கரையில் அச்சுக்கூடம் வைத்திருந்த சதக்கத்துல்லா எனக்குச் சிநேகிதர். விஷயத்தைக் கேட்டு அவரே எஸ்தாக்கியைத் தேடி வந்தார்.

"உங்க ஆளுக உத்தரவு தரலைன்னா போகட்டும். முழுசா நான் அடிச்சுத் தாரேன், காயிதச் செலவு மட்டும் குடுங்க" என்றார்.

"உத்தரவு இல்லாம அடிக்கக் கூடாதுங்க பாய்."

"அப்ப அந்தப் பக்கத்த எடுத்துருங்களேன்."

"அதையும் எடுக்கக் கூடாது" என்றார் எஸ்தாக்கி.

நாற்பது வருஷ உழைப்பைத் துணியில் கட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மடையன் என்று நான் திட்டினேன். சட்டத்தையும் மீற மாட்டேன், உண்மையையும் விட மாட்டேன் என்று நிற்பவனை வேறு எப்படித் திட்டுவது?

ஆனால் பெட்டிக்குள் பூட்டினால் வியாகுலத்துக்கு என்ன வந்தது? அவள் மகளை இன்னும் அண்ணனுக்கு ஆசைப்பட்டவள் என்றுதான் ஊர் பேசிக்கொண்டிருந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. 1963 தவக்காலத்துக்கு முந்திய ஞாயிறு. பூசை முடிந்து ஓலை வாசிக்க எழுந்தவர், இரண்டு ஓலைகளை வாசித்தார். பிறகு அந்தக் கடைசிப் பக்கத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். சாமியார் பீடத்திலிருந்து "உபதேசியாரே, உட்காரும்" என்று இரண்டு தரம் சொன்னார். மேலிடத்துச் சொல்லை அவர் கேட்காமல் போனது அந்த ஒரு நாள்தான். வேலை போகும் என்று தெரிந்தே வாசித்தார். அந்த வாரமே போனது.

வாசித்து முடித்ததும், பெண்கள் பக்கத்தில் தூணோரம் இருந்து வியாகுலம் எழுந்தாள். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று கேட்பாள் என நினைத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அப்ப எம்மகள இனிமே சுவத்துக்கு உள்ள கொண்டாந்து வப்பாகளா, உபதேசியாரே?"

சபைச் சட்டம் அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த அளவு சாமியாருக்கே தெரியாது. கல்யாணம் நின்றது தவறு என்று ஆனாலும் அவள் தானாகச் செத்தது மாறவில்லை. மழுப்பலாக ஏதாவது சொல்லிவிடு மனுஷா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

கையிலிருந்த தாளை மடித்து, அவள் முகத்தைப் பார்த்து, "வைக்க மாட்டாக, தாயி" என்றார்.