முதுகுப் பக்கம் போன தாயத்து

அண்ணனின் சளியில் காசக் கிருமி இல்லை என்று மறுபடியும் பதில் வந்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. காசம் இல்லையென்றால் இருமலில் ரத்தம் ஏன்? துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் மனிதர், சட்டைக்குள் பாதியாகிவிட்டார். நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த நேரம். நூல் நிலையத்தில் கிடைத்த விஞ்ஞானப் பத்திரிகையெல்லாம் படித்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"கழுத்துல இருக்கிறதெல்லாம் கழட்டிடுங்கண்ணே" என்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்காரர் சொன்னார். தண்ணீர்மலைக் கோவிலில் அண்ணி வேண்டிக் கட்டிய வெள்ளித் தாயத்து அண்ணன் கழுத்தில் இருந்தது. தைப்பூசத்தில் காவடி எடுத்த பிறகுதான் அது இறங்க வேண்டும். அவர் சத்தமில்லாமல் அதை முதுகுக்குத் தள்ளி, மேலே துண்டைப் போட்டுக்கொண்டார். மார்பைத்தானே படம் பிடிக்கிறார்கள்!

படத்தில் தாயத்து பளிச்சென்று விழுந்திருந்தது.

"முதுகில போனா தெரியாதுன்னு நெனச்சீங்களா? இது எலும்பையே பார்க்குது லா!" என்று எக்ஸ்ரேக்காரர் தலையில் கை வைத்தார்.

வெள்ளைக்கார டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாயத்துக்குக் கீழே புகைபோல் ஓர் உருண்டை தெரிந்தது. அது தாயத்தின் சுருண்ட கயிறு, நுரையீரல் சுத்தம், இருமல் மருந்து போதும் என்றார். அண்ணன் கிளம்புவதற்குச் சட்டையைக் கையில் எடுத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அதே கயிறு தோளின்மேல் போகிற இடத்தில் படத்தில் தெரியவில்லையே, கீழே மட்டும் எப்படித் தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். டாக்டர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாயத்து இல்லாமல் இன்னொன்று எடுக்கச் சொன்னார்.

இப்போது கூட வந்திருந்த அண்ணி மறித்துக்கொண்டார். "வேண்டுதலை நடுவில கழட்டுவாங்களா? நீ படிச்ச திமிரு!"

"கழட்டி நீங்களே வச்சுக்கங்க அண்ணி. நீங்க கட்டினதுதானே? உங்க கையில இருந்தா சாமி கோவிச்சுக்குமா?"

அண்ணி தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்து, தாயத்தை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு கதவோரம் நின்றார். உள்ளே படம் எடுத்து முடியும்வரை அந்த விரல்கள் விரியவில்லை.

இரண்டாவது படத்தில் தாயத்து இல்லை. உருண்டை அப்படியே இருந்தது.

டாக்டர் இந்த முறை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கட்டியாக இருக்கலாம், புற்று என்றே அஞ்சுகிறேன் என்றார். மேல்நாட்டில் நுரையீரலையே அறுத்தெடுத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள், இங்கே அந்த வசதி இல்லை, சிங்கப்பூரில் கதிர்வைத்தியம் உண்டு, குணமாகும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் தமிழில் சொன்னேன். கடைசி வாக்கியத்தையும் விடவில்லை.

அண்ணி கையை விரித்து, தாயத்தை அண்ணன் கழுத்தில் மறுபடி கட்டினார்.

"சிங்கப்பூர்ல கழட்டச் சொன்னா?" என்றார் அண்ணன்.

"நான் கூட வர்றேன். கையில வச்சிருக்கேன்."

நான் இரண்டு படங்களையும் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கப்பல் எப்போது என்று விசாரிக்கக் கிளம்பினேன்.