நேராக நின்ற குரோட்டன் நிரை

பசறைக்குப் போகும் வீதியிலிருந்து சற்று மேலே எங்கள் வீடு. பின்சுவருக்கும் தேயிலை மலைக்கும் நடுவில் ஒரு சின்ன நிலத்துண்டு கிடக்கிறது. கடந்த ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், மலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு வெடிப்பைக் கண்டேன். கையிலிருந்த கம்பை உள்ளே விட்டுப் பார்த்தேன். கம்பு முழுவதும் போயிற்று, அடி தட்டவில்லை.

கிராம உத்தியோகத்தரிடம் சொன்னேன். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். பெரிய மழை பெய்தால் பாடசாலைக்குப் போய்விடுங்கள் என்றார்கள். எது பெரிய மழை என்று கேட்டதற்கு ஒருவர் வானத்தைப் பார்த்தார், மற்றவர் என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டியிருந்தது. பண்டாரவளையில் புகுந்த வீட்டில் வளைகாப்பு முடிந்து, கார்த்திகையில் தாய்வீடு வருவதாகப் பேச்சு. அவளுக்கென்று மனைவி ஒழித்துக் கழுவி வைத்தது பின் அறையை. மலையைப் பார்த்த சுவர் அந்த அறையின் சுவர்தான்.

வெடிப்பைப் பற்றி மனைவியிடம் சொன்னேன். எல்லா மலையிலும்தான் வெடிப்பு இருக்கிறது என்றாள். நான் மறுபடி வாயைத் திறந்தபோது அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"புள்ளத்தாச்சி வர்ற வீடுங்க. அந்தப் பேச்சே இங்க வேணாம்."

அந்த நிலத்துண்டில் ஒரு தோட்டம் போட வேண்டும், பிள்ளை வரும்போது வீடு பச்சையாக இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். கரட், போஞ்சி, நோக்கோல் விதைகளும், டேலியாக் கிழங்கும், செவ்வந்தி நாற்றும் வாங்கி வரச் சொல்லி என்னைப் பதுளைக்கு அனுப்பினாள்.

பஸ்ஸில் போகும்போது ஒவ்வொன்றாக மனதுக்குள் கழித்தேன். கரட்டுக்கு ஆழமாகக் கொத்த வேண்டும். டேலியாவுக்குக் குழி வேண்டும். நோக்கோல் பாத்திக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அந்த மலையடியில் மண்ணைக் கிளறவோ ஈரமாக்கவோ நான் தயாராக இல்லை.

விதைக்கடை நடத்தும் நானாவுக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். தோட்டப் பாடசாலையில் நான் படிப்பித்த காலத்திலிருந்தே மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அவர் எடுத்துப் போட்ட பைக்கற்றுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். கொத்தாமல், பாத்தி கட்டாமல், அதிகம் தண்ணீர் விடாமல் வளர்கிறது என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"அப்படியான மரக்கறி சந்தையிலதான் மாஸ்டர் இருக்கு. காசக் குடுத்தா சமைக்க மட்டும்தான் வேல" என்றார்.

கடைசியில் உரப்பையில் வளர்க்கக் கீரை விதையும் கறிமிளகாய் விதையும் எடுத்தேன். தகர டின்னில் வைக்க ஜெரேனியம். அப்புறம், நான் உண்மையில் தேடி வந்ததைக் கேட்டேன்: ஒரே தண்டாக நிமிர்ந்து வளரும், பனிமூட்டத்திலும் கண்ணுக்குத் தெரியும் நிறமுள்ள செடி. செம்பருத்தி பக்கவாட்டில் கிளை விடும், ரோசா வளையும். நானா சிவப்பு இலைக் குரோட்டன் கன்றுகளைக் காட்டினார். அவற்றை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, மலை அடிவாரத்தோடு ஒரு கயிறு கட்டி, கயிற்றை ஒட்டிக் குரோட்டன்களை நட்டேன். நிரையின் ஒரு முனையில் தண்ணீர்க் குழாய். குழாயடியில் நின்று பார்த்தால் முதல் செடி மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒளிந்துவிடும். மலை நகர்ந்தால் நடுச்செடிகள் வீட்டுப் பக்கமாக வெளியே தலை நீட்டும். எனக்கு வேண்டியது அதுதான். மனைவிக்கு வேலி என்று சொன்னேன். உரப்பையில் வெள்ளாமை பண்ணுகிறவர் என்று சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள் என்றாள். ஆனால் குரோட்டன் நிரையைப் பார்த்து, இதாவது ஒழுங்காக இருக்கிறதே என்றாள்.

மழை பிடித்தது. கூரைத் தகரத்தில் இரவெல்லாம் அது விழும்போது, அதற்குள் வேறு சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே கிடப்பேன். விடிந்ததும் குழாயடிக்கு ஓடுவேன். முகம் கழுவுவதுபோல் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். ஒரு செடி. ஒரே ஒரு செடி. பிறகுதான் முகம் கழுவுவேன்.

இப்படியே வாரங்கள் போயின. எதிர்ப்பக்கத்து மலையில் தொழிலாளர் லய வீடொன்றின் சுவர் விழுந்தது. எங்கள் நிரை அசையவில்லை. என் பயத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. மகளை அழைத்துவர நாள் பார்க்கலாம் என்று நானே சொன்னேன்.

அவள் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, குரோட்டன்கள் இலை உதிர்த்திருப்பதைப் பார்த்தேன். நடுவில் நின்றவை மட்டும். நோயாக இருக்கும், ஒரு இலையை நானாவிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்று பறித்துக்கொண்டு குசினிக்குப் போனேன். மனைவி மா பிசைந்துகொண்டிருந்தாள். இலையைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"புடுங்கி நட்டா கொட்டத்தானே செய்யும். துளிர்த்திரும்."

யார் பிடுங்கினார்கள் என்று கேட்டேன்.

"நான்தான். நடுவுல கோணிக்கிட்டு வந்துச்சுங்க. நீங்க கட்டுன கயிறு சரியில்ல. ரெண்டு மூணு வாட்டி எடுத்து நேரா வச்சேன்."

முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள் அவள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்று, கங்காணி பிரித்துக் கொடுத்த நிரையைப் பிடித்து, அதைவிட்டு விலகாமல் போய் வந்தவள். கோணி நிற்கும் செடி அவள் கண்ணில் தூசி மாதிரி. மகளும் சம்பந்திகளும் வரப்போகிறார்கள் என்று பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சரிசெய்திருக்கிறாள். விடியற்காலையில் நான் பார்த்தது மலையை அல்ல, அவள் கைவேலையை.

அந்த நிரையை எதற்காக நட்டேன் என்று சொன்னேன். அவள் மா ஒட்டிய கையோடு அப்படியே வெளியே போனாள். செடி செடியாக நடந்து, எவற்றை நகர்த்தினாள் என்று காட்டினாள். ஒவ்வொன்றையும் எவ்வளவு என்று விரலை விரித்துக் காட்டினாள். கடைசியாகக் காட்டிய செடிக்கு ஒரு சாண். பிறகு திரும்பி, பின் அறையின் சுவரைப் பார்த்தாள்.

போனை எடுத்தது அவள்தான்.

"நீ வராத கண்ணு. அம்மா அங்க வர்றேன். கேள்வி கேக்காத."

தலைப்பிரசவம் மாமியார் வீட்டோடு நடப்பது எங்கள் பக்கத்தில் குறைதான். அந்தப் பேச்சையும் அவள் கேட்டுக்கொண்டாள். பேரன் பிறந்து இப்போது கவிழ்ந்து படுக்கிறான். பண்டாரவளையில் அவர்கள் வீட்டுக்கு அருகிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். மழை இல்லாத நாளில் நான் மட்டும் பஸ் ஏறிப் போய் வீட்டைப் பார்த்து வருவேன். குழாயடியில் நிற்கும்போது அவள் போன் பண்ணுவாள். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டாள். எத்தனை செடி தெரிகிறது என்றுதான் கேட்பாள்.

போன தடவை போனபோது நிரையை நேராக்க யாரும் இல்லை. குனியாமலே, கண்ணை மூடாமலே அதன் வளைவு தெரிந்தது.

"எல்லாமே தெரியுது" என்றேன்.

போனில் பிள்ளையின் சத்தம் கேட்டது.

"அப்ப அங்க நிக்காதீங்க" என்றாள். "கெளம்பி வாங்க."