நண்டக்காவின் ரத்தம்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் நண்டக்கா. தொட்டியிலிருந்து நண்டை உயிரோடு அள்ளி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ஓட்டை உடைத்து, சதையை அரைத்துக் கொடுப்பது அவள் வேலை. தினக்கூலியாகவே வருடங்கள் ஓடிவிட்டன. இந்த வருடம் எப்படியும் நிரந்தரமாக்கிவிடுவதாக ஆராய்ச்சியை நடத்துகிற மேடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வருடம் பார்த்துத்தானா மூச்சு இழுக்க வேண்டும்! பானை மூடியைத் திறந்து ஆவி முகத்தில் பட்டதும் தொண்டை அரிக்கும், உதடு தடிக்கும், நெஞ்சு விசிலடிக்கும். விடுமுறை நாளில் ஒன்றும் இருக்காது. புரியாமலிருக்க அவள் என்ன பச்சைக் குழந்தையா? நண்டு சிலருக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சியே. இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல!

முதுகு வலிக்கிறதென்று வீட்டோடு கிடக்கும் புருஷனிடம் சொன்னாள். அவனும் அவன் தங்கையும் இவள் சம்பாத்தியத்தில்தான் சாப்பிட்டார்கள்.

"வேலை கைக்கு வரட்டும். அதுவரைக்கும் வாயத் திறக்காத," என்றான்.

திறக்கவில்லை. கேட்டவர்களிடம் சளி என்று சமாளித்தாள்.

நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நண்டால் தொந்தரவே இல்லாதவர்களின் ரத்தம் மேடத்துக்குத் தேவைப்பட்டது. வேலைக்காரர்கள் எல்லோரும் கை நீட்டினார்கள். இவள் மட்டும் மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே. ரத்தம் என்ன, வாய் திறந்து பேசவா போகிறது என்று நினைத்து நீட்டினாள், பாவி.

சோதனையில், நண்டை எதிர்க்கும் வீரியத்தில் எந்த நோயாளியின் ரத்தமும் அவளுடையதற்குப் பக்கத்தில் நிற்கவில்லை. மேடம் ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு ரத்தத்தைத் தேடி எத்தனை ஆஸ்பத்திரி அலைந்தாராம்! அடுத்த மூச்சிலேயே, நாளையிலிருந்து அவள் உள்ளே வரக்கூடாது, செத்துக்கித்துப் போனால் யார் பதில் சொல்வது என்றார். நிரந்தர வேலை அதோடு போயிற்று. பாட்டிலாவது கழுவுகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். பாட்டிலிலும் நண்டுதானே இருக்கிறது என்றார் மேடம், பொறுமையாக.

"மாசம் ஒரு தடவை வந்து ரத்தம் மட்டும் குடுத்துட்டுப் போ. அதுக்கு ஏதாவது தரச் சொல்றேன்."

வீட்டில் இவள் அழுது முடிப்பதற்குள் புருஷனுக்கு முதுகு வலி பறந்துவிட்டது. நேரே மேடத்திடம் போய், அந்த வேலையைத் தன் தங்கைக்குக் கேட்டு வாங்கிவந்தான். மேடத்துக்கு இளகிய மனசு.

இப்போது நாத்தனார் சாயங்காலம் வந்து, நண்டு ஆவி ஊறிய துணியை அவிழ்த்து மூலையில் போடுகிறாள். சம்பாதிக்கிறவள் துவைப்பாளா?

"நீ சும்மாதான இருக்க, துவைச்சுப் போட்டா என்ன?" என்றான் புருஷன்.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு துவைக்கிறாள். முதல் துணியை நனைக்கும்போதே நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும்.

ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு நின்றால் ரத்தத்தின் வீரியம் குறைந்துவிடுமோ என்று மேடத்துக்கு ஒரு கவலை இருந்தது. போன மாதம் சோதித்துப் பார்த்துவிட்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"குறையவே இல்ல. கூடியிருக்கு. எப்படிப் பாத்துக்கிறயோ, அப்படியே பாத்துக்க."