நாத்தனார் போட்ட நாற்பரிமாணக் கோலம்

அன்று காலை வாசலுக்கு வந்த நான், படியில் வைத்த காலை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கேட்டுக்கு முன்னால் தரையில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. வெளிப்பெட்டி வெள்ளைக் கோலமாவில், உள்பெட்டி காவியில். இரண்டின் மூலைகளையும் சாய்கோடுகள் இழுத்துக் கட்டியிருந்தன. கோடுகளுக்கு நடுவே கரித்தூளைத் தூவி நிழல் காட்டியிருந்தது. மூலைக்கு மூலை பொடிப்பொடியாகப் பூஜ்யமும் ஒன்றுமாக எண்கள் எழுதியிருந்தன. கோலத்தில் கறுப்பு நிறத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. உற்றுப் பார்த்தால் தரை உள்வாங்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. என் நாத்தனார் இடுப்பில் கைவைத்தபடி, “எப்படி இருக்கு அண்ணி?” என்று கேட்டாள். “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டேன்.

தெருவெல்லாம் சிக்குன்குனியா வந்த வருடம் அது. நாங்கள் சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்கார அம்மா. ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் அவர்களுடைய வயல். வயல் மனையாகி, மனை வீடாகி, தெருவில் பாதி வீடுகள் அவர்கள் சொந்தங்களுடையதாக இருந்தன. என் கணவருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அவருடைய தங்கை தாம்பரத்தைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கு சொல்லித்தந்தாள். மாமனார் மாமியார் விழுப்புரம் பக்கம் ஊரிலேயே இருந்ததால், அவள் எங்களோடுதான் தங்கியிருந்தாள்.

எனக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பல்லி விழுந்தால் பலன் பார்ப்பவள் நான். அதைக் கையால் தள்ளிவிட்டுக் காப்பியை எடுத்துக் குடிப்பவள் அவள். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். முந்தைய வருடம் ஒன்று நான்காம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. ஏன் கலைந்தது என்று டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. காரணம் தெரிந்திருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் பயந்திருப்பேன். தெரியாததால் குக்கர் விசிலிலிருந்து கூட்ஸ் வண்டிச் சத்தம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பயந்தேன்.

அந்தக் கோலத்தைப் பற்றி அவள் எனக்குப் பொறுமையாகத்தான் விளக்கினாள். “ஒரு புள்ளிய இழுத்தா கோடு. கோட்ட அப்படியே பக்கவாட்டுல நகர்த்துனா சதுரம். சதுரத்த மேல தூக்குனா பெட்டி. சரியா அண்ணி? இப்ப அந்தப் பெட்டிய, நமக்குக் கை காட்டத் தெரியாத ஒரு திசையில நகர்த்துறோம்னு வெச்சுக்குங்க. அதோட நிழல்தான் இது.” அந்தக் கை காட்டத் தெரியாத திசை என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன். தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவள் எடுத்து வந்த பிரின்ட் அவுட்கள் மேசை முழுக்கக் கிடந்தன. வெளிநாட்டில் ஒரு பெரிய கட்டடத்தையே இந்த நிழல் மாதிரி நடுவில் வாசல் விட்டுக் கட்டியிருக்கிறார்களாம். ஒரு ஓவியர், இந்த நாற்பரிமாணப் பெட்டியைப் பிரித்து வைத்தால் வரும் எட்டுப் பெட்டிகளையே சிலுவையாக வரைந்திருக்கிறாராம். சிற்பம், நகை, கதை என்று ஆளாளுக்கு இதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். “அவங்கல்லாம் கேன்வாஸ்ல போடுறாங்க. நம்ம கிட்டதான் தினம் காலையில புதுசாத் தெளிச்சு வெச்ச தரை இருக்கே! புள்ளியில ஆரம்பிக்கிறது நமக்குப் புதுசா என்ன?” என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் தலையாட்டினேன். பூஜ்யமும் ஒன்றும் எதற்கு என்று கேட்டதற்கு, அது அந்தந்த மூலையின் விலாசம் என்றாள்.

ஒரு நாளோடு விட்டிருந்தால் தெருவும் மறந்திருக்கும். மார்கழி அல்லவா, அவள் தினமும் போட்டாள். அதுவும் அந்தப் பெட்டி சுழன்றால் எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டு, நாளுக்கு ஒரு கோணமாகப் போட்டாள். நேற்று உள்ளே இருந்த காவிப் பெட்டி இன்று ஒரு பக்கமாக வீங்கியிருக்கும். நாளை வெளிப்பெட்டியைத் துளைத்துக்கொண்டு வரும். அதற்கடுத்த நாள் அதுவே வெளிப்பெட்டியாகி, பழைய வெள்ளைப் பெட்டி உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். தெருவில் மற்ற வாசல்களில் தாமரையும் மயிலும் பூத்திருக்க, எங்கள் வாசலில் மட்டும் ஏதோ ஒன்று நாளுக்கு நாள் திரும்பிப் படுத்தது. எனக்கே காலையில் கதவைத் திறக்கும்போது, இன்று எந்தப் பக்கம் திரும்பியிருக்குமோ என்று இருக்கும். அவளிடம் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

காய்ச்சலில் முதலில் படுத்தது வீட்டுக்கார அம்மாதான். காய்ச்சல் விட்டும் கை கால் மடங்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அப்புறம் எதிர்வீட்டில் இரண்டு பேர், பிறகு மளிகைக்கடைக்காரர். தெருவில் நிமிர்ந்து நடப்பவர்கள் குறைந்துபோனார்கள். அந்த வருடம் சென்னை முழுக்க அதே கதைதான், பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்தது. மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடியில்லாமல் கிடப்பதை என் நாத்தனார் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்கார அம்மாவோ படியில் இறங்கும்போதெல்லாம் எங்கள் வாசலைத்தான் பார்த்தார். செப்புத் தகட்டில் கட்டம் போட்டு மூலைக்கு மூலை எண் எழுதி, குழி தோண்டிப் புதைக்கிற செய்வினை எந்திரத்தை அவர் எங்கோ பார்த்திருக்கிறார். அது இதுதான் என்று முடிவுகட்டிவிட்டார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் வராதது வேறு எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

கீரைக்கார அம்மா எங்கள் கேட்டுப் பக்கம் வந்ததும் கூடையோடு எதிர்ச்சாரிக்குப் போய் நடந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் காலை எங்கள் கேட்டடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழமும் கறுப்புக் கயிறும் கிடந்தன. யாரோ கழிப்புக் கழித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை மிதித்தால் மிதித்தவரோடு போய்விடும் என்பார்கள். நான் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. செக்கப்புக்குப் போகும் நாள் தள்ளிப்போனது. கணவரிடம் சொன்னபோது, அவர் தங்கையைக் கூப்பிட்டு, “கொஞ்ச நாளைக்கு வேற கோலம் போடேன்மா” என்றார். “இவங்க பயப்படுறாங்கன்னு நான் விட்டா, அது உண்மைன்னு ஆயிடும்ணா” என்று அவள் மறுத்துவிட்டாள். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒரு காலை. கணவர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு வெளியே வந்தால், தெருப் பெண்கள் அரைவட்டமாக நிற்கிறார்கள். நடுவில் வீட்டுக்கார அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு.

“இன்னாமா வரைஞ்சிகினு கீற? கோலமா இது? ஊட்டுக்கு ஊடு படுத்துகினு கீது, உங்க ஊட்ல மட்டும் ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. இன்னா அர்த்தம்?”

“கொசு கடிச்சு வர்ற காய்ச்சலுக்குக் கோலம் என்னங்க பண்ணும்? இது வெறும் கணக்கு” என்றாள் என் நாத்தனார்.

“கணக்கா? எங்களுக்கே கணக்கு சொல்றியா? சரி, வெறும் கணக்குதானே? ஒண்ணும் இல்லன்னா உங்க அண்ணிய அதத் தாண்டச் சொல்லு. நாங்க பாத்துகினு கீறோம். தாண்டிட்டா நான் வாயே தொறக்கல.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னை என்றால் என் முகத்தை அல்ல. வயிற்றைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அத்தனை கண்கள் வயிற்றின் மேல் இருந்ததைத் தாங்க முடியவில்லை. தாண்டிவிட்டால் கலைந்து போய்விடுவார்கள், கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம் என்று மட்டும்தான் தோன்றியது. படியிறங்கிப் போய்ப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்தேன். கீழே கரித்தூள் பள்ளமாகத் தெரிந்தது.

கால் இறங்குவதற்குள் என் நாத்தனார் கீழே விழுந்திருந்தாள். மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் பரபரவென்று அத்தனையையும் அழித்தாள். வெள்ளை, காவி, கரி எல்லாம் ஒன்றாகக் குழம்பின. பிறகு வீட்டுக்கார அம்மா மெதுவாகச் சொன்னார்: “பாத்தீங்களாடி? அவளுக்கே தெரிஞ்சு கீது.”

அவள் எழுந்து பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி அழிச்ச? நான்தான் தாண்டப் போனேனே. உனக்கு இதுல நம்பிக்கையே கிடையாதே.”

“இப்பவும் கிடையாது அண்ணி. அதுல ஒண்ணுமே இல்ல. ஆனா போன தடவை எதனால போச்சுன்னு யாருக்குமே தெரியலையே. அதே மாதிரி இந்தத் தடவையும் ஏதாவது ஆச்சுன்னா? தெருவ விடுங்க. நீங்க என்ன நினைப்பீங்க? சாகுற வரைக்கும் என் கோலத்தத்தான் நினைப்பீங்க.”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். குழாயை மூடிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி மேலேயிருந்து ஆள் வந்தது. மாசமாக இருக்கிறவள் வீடு மாறக்கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். அதனால் எங்களை விட்டுவிட்டு, அவள் மட்டும் போனால் போதும் என்றார்கள். கணவர் சண்டைக்குப் போனார். அவள்தான் தடுத்தாள். பொங்கல் முடிந்த கையோடு தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போனாள். கல்லூரியிலும் பேச்சு எட்டியிருக்க வேண்டும். அந்த செமஸ்டர் முடிந்ததும் திருநெல்வேலிப் பக்கம் வேலை தேடிக்கொண்டாள். அதற்கப்புறம் எங்கள் வாசலில் நான் போட்டதெல்லாம் நாலு புள்ளிக் கோலம்தான். வெயில் ஏற ஏறத் தெருவில் காய்ச்சலும் தணிந்தது.

வைகாசியில் மகள் பிறந்தாள். தாயும் சேயும் நலம். வீட்டுக்கார அம்மா நர்ஸிங் ஹோமுக்கே வந்து, குழந்தையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்து, “நல்ல வேளை, அன்னிக்கி அவ அழிச்சா. நீ தாண்டியிருந்தா இது கெடச்சிருக்குமா?” என்றார். கோலத்தில் ஒன்றும் இல்லை என்பதற்கு என் மகள்தான் அத்தாட்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஏதோ இருந்தது என்பதற்கு அவருக்கும் அவள்தான் அத்தாட்சியாக இருந்தாள். அதன் பிறகு எவ்வளவு உதறியும் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை.

இன்று நாங்கள் சேலையூரில் ஃப்ளாட்டில் இருக்கிறோம். வாசல் என்று சொல்லிக்கொள்ள லிஃப்டுக்கு எதிரே நாலு டைல்ஸ். மகள் கல்லூரிக்குப் போகிறாள். அத்தையும் அவளும் போனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். கணக்குதான். நான் பக்கத்தில் போனால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நாத்தனாரும் என்னிடம் பழையபடி கேலியும் கிண்டலுமாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவளை நினைத்தால் எனக்கு அந்தத் தெரு நினைவுக்கு வருவதில்லை. வீட்டுக்கார அம்மா வந்துபோன அன்று மாலையே அவள் நர்ஸிங் ஹோமுக்கு வந்தாளே, அதுதான் வருகிறது.

திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். எங்கள் பக்கம் குழந்தையின் காதில் முதலில் பெயரைச் சொல்வது அத்தைதான். அந்த உரிமைக்காரி, திறந்திருந்த கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள். “உள்ள வாயேன்டி” என்றேன். வந்தாள். கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்று, “தூக்கலாமா அண்ணி?” என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. “இதென்னடி கேள்வி, பிடி” என்று குழந்தையை நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் அடியில் கொடுத்தாள். நான் என் கையை எடுக்க வேண்டும். எடுக்கத்தான் நினைத்தேன். விரல்கள் துணியை விடவில்லை. ஒரு கணம் இருவருமாகக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் என் விரல்களைப் பார்த்தாள்.

“பரவாயில்ல அண்ணி, நீங்களே வெச்சுக்குங்க. நான் கண்ணால பாத்துட்டேன்ல” என்று சொல்லி, தன் கைகளை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டாள்.